ஹாலில் பறக்கிறது, பெட்ரூமில் படுத்துவிடுகிறது

போன மாதம் இந்தப் பகுதியின் அடியில் ‘வீட்டு வைஃபை தொல்லை இருந்தால் எழுதுங்கள்’ என்று ஒரு வரி போட்டோம். இத்தனை வீடுகளில் இந்தத் தொல்லை இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பாதிக் கடிதங்களில் ஒரே கேள்விதான்: எந்த ரவுட்டர் வாங்கலாம்? நேராகவே சொல்லிவிடுகிறேன், முதலில் ஒன்றும் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு லேன் கேபிள் வாங்குங்கள். ஏன் என்பது கீழே போகப் போகப் புரியும்.

கே: இரண்டு பெட்ரூம் ஃபிளாட். 100 எம்பிபிஎஸ் பிளான். ஹாலில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. கடைசி பெட்ரூமில் மகள் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை “ஹலோ, கேக்குதா?” என்று கத்துகிறாள். கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கேட்டால் 300 பிளானுக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா? (வாசகி, தாம்பரம்)

ப: வேண்டாம். மேல்தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, பின்பக்கக் குழாயில் மட்டும் சொட்டுகிறது என்றால் தொட்டியைப் பெரிதாகக் கட்டுவோமா என்ன? 300 பிளான் என்பது பெரிய தொட்டி. உங்கள் அடைப்பு வீட்டுக்குள் இருக்கிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் சோதித்துப் பாருங்கள். மோடத்துக்கு இரண்டடி தள்ளி நின்று, 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் (பெட்டி இரண்டு வைஃபை பெயர் காட்டினால் 5 என்று இருப்பது) இணைந்துகொண்டு, போனில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். லேப்டாப்பை லேன் கேபிளில் செருகி ஓட்டினால் இன்னும் நம்பகம். 90 பக்கம் வந்தால் லைன் மீது பழி போட முடியாது. அடுத்து, மகள் உட்காருகிற அதே நாற்காலியில் உட்கார்ந்து, கதவை மூடிக்கொண்டு (மீட்டிங் என்றால் கதவை மூடத்தானே செய்வாள்) இன்னொரு தடவை. அங்கே ஐந்தோ பத்தோ வந்தால் மிச்சத்தைச் சுவர் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் வைஃபை அனலைசர் என்று தேடுங்கள், இலவசமாகவே சில ஆப்கள் கிடைக்கும். சிக்னலை டிபிஎம் கணக்கில் காட்டும், எண்ணுக்கு முன்னால் மைனஸ் இருக்கும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். 75 தாண்டினால் திக்க ஆரம்பிக்கும், 80 தாண்டினால் பேருக்குத்தான் வைஃபை. இந்தக் கணக்கில் 10 எண் இறங்கினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள், அதனால் 60க்கும் 70க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று விட்டுவிடாதீர்கள். போனின் மேல்மூலையில் தெரிகிற கோடுகளைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது குழந்தைக்குக் கொடுக்கிற மிட்டாய்.

சரி, அந்த வைஃபை பெட்டி எங்கே இருக்கிறது? நீங்கள் எழுதவில்லை, ஆனால் என்னால் ஊகிக்க முடியும். வாசல் கதவுக்கு மேலே, ஈபி பெட்டிக்குப் பக்கத்தில், அல்லது டிவி ஸ்டாண்டுக்குள் செட்டாப் பாக்ஸோடு ஒட்டி. கேபிள் போட வந்த தம்பிக்கு எது கிட்டவோ அங்கே ஆணி அடித்துவிட்டுப் போயிருப்பார், நாமும் அதைச் சாமி படம் மாதிரி நகர்த்தாமல் வைத்திருப்போம். வாசல் மூலையில் இருக்கிற பெட்டி பாதி சிக்னலைப் பக்கத்து வீட்டுக்கும் லிஃப்டுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதை வீட்டின் நடுவுக்கு, ஹாலும் பெட்ரூம்களும் சந்திக்கிற அந்தச் சின்ன நடைபாதைச் சுவருக்குக் கொண்டுவாருங்கள். தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில். இடையில் இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி இருந்தால் அவற்றின் பக்கவாட்டில் போகிற மாதிரி பாருங்கள். உலோகம் சிக்னலைத் திருப்பிவிடும். மீன் தொட்டியும் ஆகாது, தண்ணீர் அதை உறிஞ்சிவிடும்.

நகர்த்துவதற்கு உங்களுக்கு வேண்டியது கொஞ்சம் நீளமான ஃபைபர் வயர். கனெக்‌ஷன் கொடுத்தவரையே கூப்பிட்டு ‘பெட்டியை உள்ளே தள்ளி வைத்துக் கொடுங்கள்’ என்று கேளுங்கள், ஏதோ கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு செய்துவிடுவார்கள். ஃபைபரை நீங்களே இழுத்து ஒட்டப் போனால் மூலையில் மடக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. டீ கிளாஸின் வாய் அளவுக்கு ஒரு வளைவு இருக்கட்டும், அதற்கும் குறுகலாக வளைத்தால் ஒளி கசிந்து சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பிக்கலாம். அந்தப் பச்சை முனையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பது கூடவே கூடாது, அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

கே: ரவுட்டருக்குப் பின்னால் அலுமினிய ஃபாயிலை வளைத்து வைத்தால் சிக்னல் கூடும் என்று வாட்ஸாப்பில் வந்தது. உண்மையா? (கல்லூரி மாணவர், கோவை)

ப: வாட்ஸாப்பில் வந்து பாதியாவது உண்மையாக இருக்கிற அபூர்வங்களில் ஒன்று. ஃபாயில் சிக்னலை உருவாக்காது, டார்ச் லைட்டுக்குள் இருக்கிற கண்ணாடி மாதிரி ஒரு பக்கம் திருப்பிவிடும். பெட்டி வெளிச்சுவரில் இருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் தெருதான் என்றால் வைத்துப் பாருங்கள், செலவு இல்லை. ஆனால் எந்தப் பக்கத்தை மறைக்கிறீர்களோ அங்கே இருக்கிறதும் போய்விடும். பெட்டியின் மேல் சுற்றிவிடாதீர்கள், சூடு வெளியேற வழி வேண்டும்.

கே: எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பில் வைஃபை இருக்கிறது. இரண்டாம் கட்டுக்கு வரவே இல்லை. எத்தனை ரவுட்டர் வேண்டும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

ப: ஐயா, உங்கள் வீட்டுச் சுவர் கனத்துக்கு முன்னால் எந்த ரவுட்டரும் சின்னப் பிள்ளைதான். ஆனால் உங்களுக்கு ஃபிளாட்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: முற்றம். திறந்தவெளியில் சிக்னலுக்குத் தடையே இல்லை. அதனால் பெட்டியை முகப்பு அறையிலிருந்து எடுத்து, முற்றத்தைச் சுற்றி ஓடுகிற வளவில், சாரல் படாத ஒரு தூணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முற்றத்தைப் பார்த்துக் கதவு வைத்த அறைகளுக்கெல்லாம் கதவு வழியாகவே போய்விடும். இரண்டாம் கட்டுக்கும் நடையின் நேர்க்கோடு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் பக்கத்து வீடுகளில் வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை நேராகத் தெரியுமே, அந்த நேர்க்கோட்டில் கரண்டுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, ஒரு நாள் முழுக்கப் பெட்டியை வைத்துச் சோதியுங்கள். ஆணி அடிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அறைக்குள் வரும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் களைத்துவிடும். 2.4 அவ்வளவு வேகமில்லை, ஆனால் கொஞ்சம் அதிக தூரம் நடக்கும். பேப்பர் படிக்கவும் பேரனோடு வீடியோவில் பேசவும் அது தாராளம். இரண்டாம் கட்டில் யாராவது தினமும் வேலை பார்க்கிறார்கள் என்றால் மட்டும் அங்கே இன்னொரு பெட்டி தேவைப்படும், அதற்குத் திருநெல்வேலிக்காரருக்கு எழுதிய பதிலைப் பாருங்கள்.

கே: ஆன்லைனில் ஒரு ரிப்பீட்டர் வாங்கினேன். பெட்ரூமில் இப்போது சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் வேகம் முன்பைவிட மோசம். ஏமாந்துவிட்டேனா? (வாசகர், ஈரோடு)

ப: பெட்ரூமிலேயே செருகியிருக்கிறீர்கள், சரியா? எல்லோரும் செய்வது அதுதான், நானும் செய்தேன். ரிப்பீட்டர் என்பது நடுவில் நின்று சொல்லிவிடுகிற ஆள். அந்த ஆளுக்கே ஒழுங்காகக் காது கேட்காத இடத்தில் நிறுத்தினால் அரைகுறையாகக் கேட்டதைத்தான் உங்களிடம் சத்தமாகச் சொல்வார். உங்கள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே சிக்னல் முழுசு, ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே கந்தல்.

எடுத்துக்கொண்டு பாதி வழிக்கு வாருங்கள். ரவுட்டரிலிருந்து சிக்னல் மைனஸ் 60, 65 வருகிற ஒரு பிளக் பாயின்டில் செருகுங்கள். கண்டிப்பாகத் தேறும். ஆனாலும் ஒரு குறை போகாது. மலிவான ரிப்பீட்டர்கள் கேட்பதும் சொல்வதும் ஒரே சேனலில்தான் (வைஃபை ஓடுகிற பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்), ஒரு நேரத்தில் ஒன்றுதான் செய்ய முடியும், அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம். அடியில் லேன் போர்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்து, அதன் செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் என்று ஒரு மோடும் இருந்தால் கேபிள் கொடுத்து ஓட்டலாம், அப்போது இந்தப் பாதிக் கணக்கு கிடையாது.

கே: தனி வீடு, கீழே ஹாலில் ரவுட்டர். மாடியில் பையன் நீட் கோச்சிங் ஆன்லைனில் படிக்கிறான், அங்கே சுத்தமாக எடுக்கவில்லை. மெஷ் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து ஓடுகிற இரண்டு மூன்று பெட்டிகள்) போடச் சொல்கிறார்கள், விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 1,500 ரூபாய்க்குள் ஏதாவது வழி உண்டா? (கடை வைத்திருப்பவர், திருநெல்வேலி)

ப: உண்டு, அண்ணாச்சி. 1,500க்குள்ளேயே முடியும், மிச்சமும் வரலாம்.

தளம் போட்ட கான்கிரீட்டும் அதற்குள் வலை மாதிரி பின்னிய கம்பியும் செங்கல் சுவரைவிடப் பல மடங்கு சிக்னலைக் குடிக்கும். அந்தத் தளத்தில் இருக்கிற ஒரே பெரிய ஓட்டை மாடிப்படி. அதனால் காசு செலவழிக்கும் முன் பெட்டியைப் படிக்கட்டுக்கு அருகில் கொண்டுவந்து ஒரு நாள் பாருங்கள். ஆன்டெனா குச்சி நேராக நின்றால் சிக்னல் பக்கவாட்டில்தான் அதிகம் பரவும், உளுந்து வடை நடுவில் குச்சியைச் செருகிய மாதிரி. வடை இருக்கிற பக்கம் சிக்னல், குச்சியின் நுனிப் பக்கம் ஓட்டை. மாடிக்கு வேண்டும் என்றால் ஒரு குச்சியைப் படுக்கப் போடுங்கள். சில வீடுகளில் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா, பரணில் ஏறுங்கள். ஃபைபர் வருவதற்கு முன் டெலிபோன் லைனில் ஓடிய பழைய வைஃபை மோடம் ஒன்று நிச்சயம் கிடக்கும், அல்லது சொந்தக்காரர் யார் வீட்டிலாவது கிடக்கும். அந்த மோடத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. கீழே உள்ள பெட்டியிலிருந்து ஒரு லேன் கேபிளை மாடிக்கு இழுத்து அதில் செருகினால் மாடிக்கென்று தனி வைஃபை. கொஞ்சம் அமைக்க வேண்டும், பையனையே செய்யச் சொல்லுங்கள். பழைய மோடத்தை லேப்டாப்போடு இணைத்து, அடியில் ஒட்டியிருக்கிற முகவரியை பிரவுசரில் போட்டுத் திறக்கணும். முதலில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே இருப்பதைப் போலவே வைத்துவிடலாம், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும், கீழே 1 என்றால் மேலே 11. அடுத்து அதன் ஐபி முகவரி. கீழே உள்ளது 192.168.1.1 என்றால் இதை 192.168.1.2 ஆக்குங்கள். கடைசியாக டிஹெச்சிபி (DHCP) என்பதை அணைத்துவிடுங்கள். வீட்டில் முகவரி கொடுக்க ஒருவர் போதும், இரண்டு பேர் கொடுத்தால் குழப்பம். கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள், வான் (WAN) என்று எழுதியதில் வேண்டாம். புதிய ரவுட்டராக இருந்து ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், இத்தனை வேலை இல்லை. பழைய மோடம் 2.4 மட்டும்தான் தரும், பாடம் பார்க்க அது போதும்.

கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கேட் 6 என்று கேளுங்கள், சில்லறையில் மீட்டர் சுமார் 20, 30 ரூபாய் சொல்வார்கள். 100 மீட்டர் வரை தாராளமாக எடுத்துச் செல்லும், உங்களுக்கு 20 மீட்டர் இருந்தால் அதிகம். உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி வைத்து மலிவாக விற்பதும் உண்டு. கம்பியை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். கரண்ட் வயர் போகிற அதே பைப்புக்குள் இதைத் திணிக்கக் கூடாது. பழைய டிவி கேபிளோ டெலிபோன் வயரோ போன பைப் இருந்தால் அதில் விடுங்கள், இல்லையென்றால் படிக்கட்டுச் சுவர் ஓரமாக ஒரு பிவிசி கேசிங்.

முனையில் பிளக் மாட்டக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்கவில்லை, நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். எட்டு நிற வயரையும் ஜோடி ஜோடியாக வரிசையில் அழகாக அடுக்கி அமுக்கினேன், விளக்கு எரிந்தது, வேகம் மட்டும் நொண்டியடித்தது. மூன்று நாள் ரவுட்டரைத் திட்டினேன். சரியான வரிசை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நடுவில் பச்சை ஜோடி பிரிந்து நீல ஜோடியை அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அதைத்தான் நான் கோட்டை விட்டேன்.

மெஷ் மோசமில்லை. ஆனால் கேபிள் இல்லாமல் வைத்தால் அதுவும் அதே தளத்தைத் தாண்டித்தான் பேச வேண்டும். கேபிள் கொடுத்து வைத்தால் பிரமாதம், ஆனால் கேபிளே போட்டாகிவிட்டது என்றால் உங்கள் பழைய மோடம் முக்கால்வாசி வேலையைப் பார்த்துவிடுமே! ஒரு சின்ன இடைஞ்சல் சொல்லிவிடுகிறேன். பையன் மாடி ஏறினாலும் போன் கீழே உள்ள சிக்னலையே பிடித்துத் தொங்கும். ஒரு தடவை வைஃபையை அணைத்துப் போட்டால் மாறிவிடும்.

கே: அடுக்குமாடிக் குடியிருப்பு. பகலில் நன்றாக இருக்கிறது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஊர்கிறது. (வாசகர், அம்பத்தூர்)

ப: ஆபீஸ் விட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், வேறொன்றும் இல்லை. உங்கள் ஃபிளாட்டில் நின்று அனலைசர் ஆப்பைத் திறந்தால் இருபது முப்பது பெயர்கள் வரிசையாக வரும், எல்லாம் 2.4க்குள் இடித்துக்கொண்டு நிற்கும். அங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடிய சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். எதில் கூட்டம் குறைவோ அதில் உட்காருங்கள். யாரும் இல்லையே என்று 3லோ 8லோ போய் நிற்காதீர்கள், இரண்டு பக்கத்து இரைச்சலும் உங்கள் மேல் விழும். சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20க்குக் குறையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் இதே அலைவரிசைப் பக்கம்தான், அதனால் சாம்பாரைச் சூடு பண்ணும்போது வீடியோ நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

டிவி, லேப்டாப், போன் எல்லாவற்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். அது சுவரைத் தாண்டத் திணறுகிறது என்று காரைக்குடிக்காரரிடம் குறை சொன்னேன் அல்லவா, உங்களுக்கு அதுவே வரம், பக்கத்து வீட்டுக்காரர் சிக்னலும் உங்கள் வீட்டுக்குள் திணறித்தான் வரும். இவ்வளவும் செய்து, லேன் கேபிளில் சோதித்தாலும் ராத்திரி ஊர்கிறது என்றால் தப்பு உங்கள் வீட்டில் இல்லை, கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் சண்டை போடுங்கள்.

கே: ஆறு ஆன்டெனா ரவுட்டர் வாங்கினால் மூன்று ஆன்டெனாவைவிட இரண்டு மடங்கு தூரம் போகுமா? (வாசகர், சேலம்)

ப: போகாது. வெளிவிடுகிற சக்திக்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது, குச்சியைக் கூட்டினால் வரம்பு கூடாது. தவிர ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும், உங்கள் போன் மெல்லிய குரலில் சொல்கிற பதில் ரவுட்டர் காதில் விழுந்தால்தான் பேச்சு நடக்கும். வாங்குகிற எண்ணம் இருந்தால் குச்சியை எண்ணாமல் இரண்டைப் பாருங்கள்: 5 கிகாஹெர்ட்ஸ் உண்டா, லேன் போர்ட் கிகாபிட்டா (அதாவது 1,000 எம்பிபிஎஸ்). அட்டையில் 300 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் போர்ட் 100தான், அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் வராது.

கே: கரண்ட் வயர் வழியாகவே இன்டர்நெட் கொண்டுபோகிற பிளக் இருக்கிறதாமே? (வாசகி, நாகர்கோவில்)

ப: இருக்கிறது, பவர்லைன் அடாப்டர் என்பார்கள். இரண்டு பிளக்கும் ஒரே ஃபேஸில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் மூன்று ஃபேஸ், பாதி அறை இன்வெர்ட்டரில், பழைய வயரிங் என்று பல கதை இருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிப் பாருங்கள்.

கே: கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஓடுகிறது, ஆனால் வைஃபை அணைந்து மறுபடி வர மூன்று நிமிஷம் ஆகிறது. (வாசகர், மதுரை)

ப: இன்வெர்ட்டர் கை மாறுகிற அந்தக் கண் சிமிட்டலில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே மினி யுபிஎஸ் கிடைக்கிறது, 1,000 ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னேபின்னே. வாங்கும் முன் உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், சிலது 9. மாற்றிச் செருகினால் புகைதான். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்குமே வேண்டும்.

கே: மொட்டை மாடி அறைக்கு வெளிச்சுவர் வழியாக லேன் கேபிள் இழுக்கலாமா? (வாசகர், கடலூர்)

ப: இழுக்கலாம், வெயில் தாங்குகிற கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிளாக வாங்குங்கள். வீட்டுக்குள் போடுகிற சாம்பல் நிறக் கேபிள் சில வருஷ வெயிலில் வெடித்துவிடும். உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மின்னல் நேரடியாக விழ வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் எங்கோ விழுந்தாலே மாடியில் கிடக்கிற செம்புக் கம்பியில் மின்சாரம் ஏறி இரண்டு முனையிலும் போர்ட்டைத் தின்றுவிடும். ஃபைபருக்கு இந்தத் தொல்லை இல்லை, லேன் கேபிளுக்கு உண்டு. இடி உறும ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் பிடுங்கி வையுங்கள். பிடுங்க மறந்துவிட்டால், இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஓடிப் போய்க் கையை வைக்காதீர்கள், பெட்டி போனால் போகட்டும்.